பொங்கலுக்குள் திரும்ப வேண்டிய குருந்தம்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி அலமாரிக்குள் இருப்பது கல். வெளியே கிடப்பது வெறும் கல். முதல் வகையை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. இரண்டாம் வகையை யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், தண்ணீர்த் தொட்டி மூடிமேல் வைக்கலாம், நாயை விரட்டலாம். கல்யாணமான புதிதில் என் கணவர் அலமாரியிலிருந்த புகைநிறப் படிகம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு சாவதானமாக நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நான் போட்ட கூச்சலில் பிறந்த சட்டம் அது. மனிதர் அன்றிலிருந்து இன்றுவரை அதை ஒருமுறைகூட மீறியதில்லை. வினையே அதனால்தான் வந்தது.

நான் பென்னாகரத்தில் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை ஜன்னல் வழியாக எண்ணிக் கொடுப்பது என் வேலை. மீதி நேரத்துக்குக் கல் பைத்தியம். சேலத்தில் படிக்கும்போது தொற்றிக்கொண்டது. விடுதித் தோழி ஒருத்தியோடு சும்மா நடந்து போன மலையடிவாரத்தில், பூக்கோசுபோல் முண்டும் முடிச்சுமாக இருந்த ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கினேன். அது வெள்ளைக்கல் என்கிற மாக்னசைட் என்றும், அந்த மலையைத் தேடி வெளிநாட்டுக்காரர்களெல்லாம் வந்திருக்கிறார்கள் என்றும் பிறகு தெரிந்தது. அன்று பிடித்தது இன்னும் விடவில்லை.

இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வேன். விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்பவர்களுக்குக் காப்பிகூடக் கொடுக்க மாட்டேன். நான் சேர்ப்பவை மோதிரக் கற்கள் அல்ல. மண்ணுக்குள் எப்படி விளைந்ததோ அப்படியே, பட்டை தீட்டாமல், தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கும் படிகங்கள். அதுவும் எந்த இடத்துக்காரக் கல் என்று தெரிந்திருக்க வேண்டும். ஊர் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்களுக்கு அது ஜாதகம் தெரியாத மாப்பிள்ளைதான். பெயர்பெற்ற பழைய இடத்திலிருந்து வந்த கல் என்றால் மூக்கு உடைந்திருந்தாலும் மரியாதை. சுரங்கம் மூடியாயிற்று, குழி தூர்ந்துவிட்டது, இனிமேல் வராது என்றால் கேட்கவே வேண்டாம்.

என் அலமாரியில் அரூர்ப் பக்கத்து மாலிப்டினைட் இருக்கிறது. தொட்டால் பென்சில் முனைபோல் விரலில் கறுப்பு ஒட்டும். ஒகேனக்கல் போகும் வழியில் எடுத்த பச்சை அபடைட் இருக்கிறது. மகாராஷ்டிரத்திலிருந்து ஒருவர் பஞ்சுக்குள் பொதிந்து அனுப்பிய, கண்ணாடி இதழ் விரித்தமாதிரியான ஒன்று இருக்கிறது. பதிலுக்கு நான் அனுப்பியதைச் சொல்ல மாட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை. இத்தனை இருந்தும் எங்கள் சொந்த மண்ணின் பெரிய பெயரான குருந்தம் மட்டும் என்னிடம் இல்லாமல் இருந்தது.

வைரத்துக்கு அடுத்த கெட்டி குருந்தம். அரிவாள் தீட்டும் சாணைக்கு இதைப் பொடித்துத்தான் சேர்ப்பார்கள். பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரை ஒரு காலத்தில் இதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பழைய புவியியல் புத்தகங்களில் இந்த ஊர்ப் பெயர்களை வெள்ளைக்காரன் எழுத்துக்கூட்டி எழுதியிருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும், உடனே எரிச்சலாகவும் இருக்கும். ஏனென்றால் குழிகளெல்லாம் எப்போதோ தூர்ந்து கேழ்வரகு வயலாகவும் மாந்தோப்பாகவும் ஆகிவிட்டன. மழைக்குப் பிறகு வரப்போரக் கல்குவியல்களைக் கிளறினால் நகம் அளவுக்குத் தூள் கிடைக்கும். இத்தனை வருஷத்தில் என் கையிருப்பு ஒரு மாத்திரை டப்பா நிறையத் தூள்தான்.

அந்த டப்பாவை ஒருநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஜன்னல் பலகைமேல் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மாதாமாதம் கொதிப்பு மாத்திரைக்கு வரும் அக்கா எட்டிப் பார்த்தார். ஏரியூர் ரோட்டில் உள்ளே தள்ளி, வயலுக்கு நடுவே நாலைந்து வீடு உள்ள ஒரு கொட்டாயில் விவசாயம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை, நல்ல நாளுக்குத்தான் வருவார்.

"இது என்னாங்க மேடம், மாத்தரயா?"

"கல்லுக்கா. குருந்தம்னு சொல்லுவாங்க."

அக்கா ஒரு துணுக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க மாட்டுக் கொட்டாயில இருக்குதுங்க. ஆனா இது தூளு. அது பெருசு."

அன்று மத்தியானம் யாருக்கு எந்த மாத்திரையைக் கொடுத்தேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம் என்று எழுத ஆசைதான். ஆனால் சரியாகத்தான் கொடுத்தேன், இரண்டு முறை சரிபார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

கல் மாட்டுக் கொட்டாயின் நுழைவில், தரையில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. சின்னப் பூசணிக்காய் அளவு. மேலே வருஷா வருஷம் பூசிய காவியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் சாணமும் மண்ணும். அக்கா தண்ணீர் தெளித்து ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டினார். இளஞ்சிவப்புப் பாறைக்குள்ளிருந்து என் மணிக்கட்டு கனத்துக்கு ஒரு படிகம், ஆறு பட்டை, நடுவில் பருத்துப் பீப்பாய்போல் எட்டிப் பார்த்தது. நான் அப்படியே சாணத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்காவின் மாமனார் ஏர் ஓட்டும்போது கொழுவில் இடறிய கல்லாம் அது. மாட்டுப் பொங்கலன்று அந்த வீட்டு அரிவாளையெல்லாம் முதலில் இதில்தான் ஒரு இழுப்பு இழுப்பார்கள். பிறகு காவி பூசி, பொங்கல் படைத்து, மாடுகளை இதைச் சுற்றி ஓட்டுவார்கள். மாமனார் போன பிறகு அக்காவின் வீட்டுக்காரர் செய்கிறார். கல்லைக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. கடன் கேட்டேன். கொஞ்ச நாள் கொடுங்கள், கழுவி, அளந்து, படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். குரல் எனக்கே பிச்சை கேட்கிற மாதிரி ஒலித்தது.

அக்கா வாசல் பக்கம் பார்த்தார். "அவருகிட்ட சொன்னா குடுக்க வுட மாட்டாருங்க. அப்பா தொட்ட கல்லும்பாரு. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. பொங்கலுக்கு அவரு வர்றதுக்குள்ள இங்க இருக்கோணும்."

"மேல இருக்கற காவியக் கழுவலாமாக்கா?"

"கழுவுங்க. எப்படியும் புதுசா பூசறதுதான."

குழியை மறைக்க அங்கே ஒரு புண்ணாக்குச் சாக்கை மடித்துப் போட்டார். என்னை நம்பிப் போட்ட சாக்கு. டிசம்பர் பிறந்திருந்த சமயம் அது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, காவி ஊறட்டும் என்று பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டேன். அவசரப்பட்டுச் சுரண்டினால் பாறை பெயர்ந்துவிடும். தினம் தண்ணீர் மாற்றுவதும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு ஓரத்தைத் தேய்ப்பதுமாக நாட்கள் போயின. காவியும் சுண்ணாம்பும் சேர்ந்து சிமெண்டுபோல் பிடித்திருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒருநாள் பகல் பணி முடிந்து வந்தேன். பக்கெட் கவிழ்த்துக் காயவைக்கப்பட்டிருந்தது.

"இங்க இருந்த கல்லு எங்கங்க?"

என் கணவர் ஏதோ நல்ல காரியம் செய்த முகத்தோடு வந்தார். "குடிலுக்குக் கல்லு கேட்டு அன்பியத்துப் பசங்க வந்தாங்க. நம்ம வூட்ல இல்லாத கல்லான்னு பின்னாடி கெடந்ததெல்லாம் அள்ளிக் குடுத்துட்டேன். அலமாரிப் பக்கமே போகல."

எங்கள் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு அன்பியம். பங்கு என்கிற எங்கள் கோவில் எல்லைக்குள் இருக்கிற அன்பியங்களுக்குள் குடில் கட்டுவதில் போட்டி. இந்த வருஷம் கோவில் வளாகத்தில் பெரிய மலைக்குடில் எங்கள் முறை. மனிதர் சட்டப்படிதான் நடந்திருக்கிறார். அலமாரிக்கு வெளியே இருந்தது, ஆகவே வெறும் கல். அவரைத் திட்டுவதற்கு என் சட்டத்திலேயே இடமில்லை. இருந்தும் திட்டினேன்.

ஓட்டமும் நடையுமாகக் கோவிலுக்குப் போனபோது மலை எழும்பிவிட்டிருந்தது. கற்களை அடுக்கி, சாக்குகளைச் சிமெண்டுப் பாலில் முக்கி மேலே போர்த்தி, பச்சையும் பழுப்பும் அடித்து, இடுக்குகளில் கேழ்வரகு முளைவிட வைத்திருந்தார்கள். குடில் கட்டும் தம்பி தொழிலில் கொத்தனார். சட்டியும் கரண்டியுமாக நின்றவரிடம் சிவப்புக் கல், காவி ஒட்டிய கல், உருண்டையாக இருக்கும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

"வந்த கல்லெல்லாம் உள்ள போட்டாச்சுங்கக்கா. இப்ப ஒன்னு உருவுனா மலையே உக்காந்துடும். மூணு ராஜா திருநாளு முடியட்டும், பிரிக்கும்போது பொறுமையா எடுத்துக்கலாம்."

அவர் சொன்னது நியாயம். பாலன் பிறக்கப்போகிற மலையைக் கடப்பாரையால் நெம்பச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும் பொங்கலுக்கும் இடையில் நாள் இருந்தது. அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த வருஷம் நான் கிறிஸ்துமஸ் கொண்டாடிய லட்சணத்தை என்னவென்று சொல்வது. எல்லோரும் குடிலுக்குமுன் முழந்தாள்படியிட்டுப் பாலனைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன். இடது பக்கம் புடைத்திருப்பது அதுவாக இருக்குமா, ஒட்டகத்துக்குக் கீழே இருப்பது அதுவா. எங்கள் குடிலுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆளாளுக்குக் கைகொடுத்தார்கள். 'அக்காதான் கல்லுக்குப் பொறுப்பு' என்று கொத்தனார் தம்பி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று சொல்ல, என் கணவர் கைதட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

திருநாள் முடிந்து ஞாயிறு பிரிப்பதாகப் பேச்சு. திங்கட்கிழமை ஒரு கல்யாணம், பந்தலுக்கு இடம் வேண்டும் என்று சனிக்கிழமையே பிரித்துவிட்டார்கள். எனக்கு அன்று பணி. தகவல் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது, மலை இருந்த இடத்தில் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. கற்களெல்லாம் கோவிலுக்குப் பின்னால், கழிப்பறை கட்டத் தோண்டிய பள்ளத்தில் கொட்டியாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். எல்லாக் கல்லும் சிமெண்டுப் பால் பூசிச் சாம்பல் நிறத்தில் அண்ணன் தம்பிகளாகக் கிடந்தன.

ஆனால் குருந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. பார்க்கிற அளவுக்கு மீறிக் கனக்கும். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாலும் கை சொல்லிவிடும். முந்தானையைச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, கனம் பார்த்து, மேலே எறிந்தேன். பின்னாலேயே வந்திருந்த என் கணவரும் கூட இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அன்பியத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஜெபமாலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இது கனமாத்தான இருக்குது, பாருங்க," "இதுங்களா, இதுங்களா" என்று ஆளுக்கொன்றாகக் குழந்தையை ஏந்துகிறமாதிரி ஏந்திக்கொண்டு வந்து காட்டினார்கள். சந்தேகப்பட்டதையெல்லாம் அரத்தால் சிமெண்டைச் சுரண்டிப் பார்த்தேன். எல்லாம் சாதாரணப் பாறை. பள்ளத்தின் அடி மண் தெரிந்துவிட்டது. குருந்தம் இல்லை.

ஏதோ ஒரு டிராக்டரில், ஏதோ ஒரு சட்டியில் போய்விட்டது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அக்காவுக்குப் போன் போட்டேன். மழுப்பவில்லை. குடிலுக்குப் போனது, பிரித்தது, தேடியது, கிடைக்காதது எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அவருக்குப் பின்னால் ஒரு மாடு கத்துவது கேட்டது.

"சரி வுடுங்க மேடம். வேணும்னா பண்ணீங்க? போனா போவுது. நான் பாத்துக்கறேன்."

"அண்ணன் வந்து கேட்டா என்னக்கா சொல்லுவீங்க?"

"நான் பாத்துக்கறேன்னு சொன்னன்ல."

திட்டியிருந்தால் தேவலாம். அவர் பார்த்துக்கொள்வதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்பா தொட்ட கல் எங்கே என்று வீட்டுக்காரர் கேட்பார். இவர் தலைகுனிந்து நிற்பார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் பத்திரமாக இருப்பேன்.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் கோவிலுக்குப் போனேன். போகிற காரணம் எனக்கே தெரியவில்லை. பள்ளத்தை இன்னொருமுறை எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து, முற்றத்தில் நட்சத்திரம் கட்டிய மூங்கிலடியில் உட்காரலாம் என்று நின்றேன். எங்கள் பங்கில் நட்சத்திரத்தை இறக்க யாரும் அவசரப்பட மாட்டார்கள். சில வருஷம் தவக்காலம் வரைக்கும் தொங்கும். கப்பியில் ஓடும் கயிற்றை, பல்பு மாற்ற இறக்குவதற்குத் தோதாக, கீழே ஒரு மூட்டைக் கல்லில் கட்டிவைத்திருந்தார்கள். சாக்கால் சுற்றி நைலான் கயிறு போட்ட சின்ன மூட்டை. உட்கார இடம் வேண்டுமே என்று அதைக் காலால் தள்ளினேன்.

நகரவில்லை. இன்னொருமுறை நன்றாகத் தள்ளினேன். அந்த அளவு மூட்டை அவ்வளவு கனம் கனக்கக் கூடாது.

சாக்கின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தேன். உள்ளே காவி. காவிக்குள் நான் பிரஷ்ஷால் தேய்த்த ஓரம். அதற்குள் ஆறு பட்டை. சிமெண்டு ஒரு சொட்டுக்கூட மேலே விழவில்லை. பிறகு விசாரித்தால், நட்சத்திரம் கட்டிய பையன்கள் வேறு ஆட்களாம். காற்றுக்கு இழுக்காமல் சின்னதாகவும் இருக்க வேண்டும், கனமாகவும் இருக்க வேண்டும் என்று குவியலில் தூக்கித் தூக்கிப் பார்த்து இதை எடுத்துப் போயிருக்கிறார்கள். கொத்தனார் தம்பிக்கே தெரியாது. கிறிஸ்துமஸ் முழுவதும் நான் இதைத் தாண்டித் தாண்டித்தான் மலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். போன உயிர் திரும்பி வந்தது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். வேறொரு கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டு, அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் துண்டு விரித்து அதை வைத்தேன். முன்பு பக்கெட்டில் ஊறியதிலும், பிறகு பனியில் நனைந்ததிலும் காவி நெகிழ்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. படிகம் முழுசாக வெளியே வந்தது. பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தட்டையான தலையில் வெண்கலம்போல் ஒரு மினுக்கு ஓடியது. பின்னால் இரண்டு சின்னப் படிகங்கள் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. இத்தனை வருஷம் நான் தேடிய கல். தூர்ந்துபோன குழிகளின் கல். என் அலமாரியின் நடுத்தட்டில் இதற்கென்றே அளவெடுத்ததுபோல் ஒரு இடம் காலியாக இருந்தது.

போனை எடுத்தேன். அக்கா பெயரைத் தேடினேன். வைத்துவிட்டேன். சிக்னல் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். செய்த தப்புக்கு ஈடு கட்டத் துடிக்கும் மனிதர். என் முகத்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தம்மாவேதான் போனா போவுதுன்னு சொல்லிட்டாங்களே," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் டார்ச்சை மேஜையில் அடித்தேன். "என்ன பேச்சு பேசறீங்க? வெக்கமா இல்லையா?" அவர் பயந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாவம், அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் நான் அரைமணி நேரமாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. கல்லை அலமாரிப் பக்கம் கொண்டுபோகவில்லை. துண்டோடு சுருட்டி, துணிப்பைக்குள் வைத்து, பையை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலைக்கு விடுப்புச் சொன்னேன்.

ஏரியூர் பஸ்ஸில் பொங்கலுக்குப் போகும் கூட்டம். கரும்புக் கட்டுகளுக்கு நடுவே பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றேன். இறங்கி உள்ளே நடந்து கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது வாசலில் இருந்த பெங்களூர்ப் பயணப் பை. அவர் வந்துவிட்டிருந்தார். மாட்டுக் கொட்டாயின் முன்னால் குந்தி, மாட்டுக் கொம்புகளுக்குத் தொட்டாங்குச்சியில் காவி கரைத்துக்கொண்டிருந்தார். அக்கா கொஞ்சம் தள்ளி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. என்னையும் என் தோளை இழுக்கும் பையையும் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"கெடச்சிடுச்சாங்க?" என்றார், காற்றுபோல. நான் தலையாட்டினேன். உடனே, "நீங்க ஒன்னும் பேசாதீங்க மேடம். நான் சொல்லிக்கறேன்," என்றார்.

"யாரது?" என்று வீட்டுக்காரர் திரும்பினார்.

"ஆசுபத்திரில மாத்தர குடுக்கற மேடம்ங்க."

பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. பையை இறக்கி, துண்டைப் பிரித்துக் கல்லை எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் கையிலிருந்த காவியை லுங்கியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். காவியில்லாமல் அதைப் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. சந்தேகத்தோடு சுற்றிவந்து பார்த்தார். பாறையின் ஒரு பக்கத்தில் பழைய கொழு இடறிய தழும்பு இருந்தது. அதை விரலால் தடவியதும் முகம் மாறியது.

"இது எப்படிங்க உங்ககிட்ட? எருவோட எருவா டிராக்டர்ல போயிடுச்சுன்னு சொன்னா. அவதான் கவனிக்காம அள்ளிப் போட்டுட்டதா சொன்னா."

எனக்குச் சுருக்கென்றது. நான் அக்காவைப் பார்க்காமல், நடந்ததையெல்லாம் அவரிடம் நேராகச் சொன்னேன். நான்தான் கேட்டேன், நான்தான் எடுத்துப் போனேன், எங்கள் வீட்டில்தான் தவறியது. கோவில் குடில், பள்ளம், நட்சத்திரம். நான் முடித்ததும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்பறம் எதுக்கு நீ தொலைச்சன்னு சொன்ன? ராத்திரியெல்லாம் அந்தப் பேச்சு பேசுனேன், வாயத் தொறக்கல?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்தபடி, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "இவங்க பேரச் சொன்னா நீங்க நேரா ஆசுபத்திரி ஜன்னல்ல போயி நிப்பீங்க. நாலு பேரு முன்னாடி சத்தம் போடுவீங்க. அவங்க கவுருமென்ட் வேலையில இருக்கறவங்க. நான் தொலைச்சேன்னா வூட்டோட போவும்."

சிக்னல் இல்லை என்று நான் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் பெண் என் பெயரை வாயில் வைத்துக்கொண்டு, வெளியே விடாமல், எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே ஒரு போன் போட்டிருந்தால் அந்தத் திட்டே இல்லை. நான் அங்கேயே புண்ணாக்குச் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். அக்கா பதறிப்போய் மோர் கொண்டுவரப் போனார்.

வீட்டுக்காரர் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். பிறகு, "நட்சத்திரத்தயா இதுல கட்டியிருந்தீங்க?" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"அப்ப அதுவும் ஒரு கிறிஸ்மஸ் நோம்பி பாத்துட்டுத்தான் வந்திருக்குது." சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சிரித்தார். மோர்ச் சொம்போடு வந்த அக்கா அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, சொம்பை என் கையில் கொடுக்க மறந்து அப்படியே நின்றார்.

கல்லைத் தூக்கிக் குழியில் வைக்கப்போனவர் நிறுத்தினார். "எந்தப் பக்கம் மேல வரோணும்ங்க? எங்கப்பா மண்ணுல வந்தபடியே வெச்சாரு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க." நான் எழுந்து போய்த் திருப்பிக் கொடுத்தேன். பெரிய படிகமும், கூட இருந்த இரண்டு சின்னதும் மேலே தெரிகிறமாதிரி அவர் அதை இறுக்கி உட்கார வைத்தார். சுற்றிலும் மண் தள்ளி மிதித்தார். பிறகு தொட்டாங்குச்சியை எடுத்து, விரலைத் தோய்த்து, அந்த வெண்கல மினுக்கின்மேல் காவியைப் பட்டையாக இழுத்தார். பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வலிக்கவே இல்லை.

மோரைக் குடித்துவிட்டு ரோட்டுக்கு வந்தேன். அந்தக் கல் ஒரு சாயங்காலம் முழுக்க என்னுடையதாக இருந்தது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் இரண்டு நாளாகியிருக்கும், பிறகு அலமாரியின் நடுத்தட்டுக்கு ஏறியிருக்கும், ஒவ்வொரு மாதமும் நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை எண்ணியிருப்பேன். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை புளியமரத்தடியில் நின்று, ஆண்டவரே, தப்பித்தேன், தப்பித்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.